நாவல் எழுதுகிறவருக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் எப்படி?

சென்னையில் கதை எழுதுகிறவர்கள் உட்கார்ந்து வேலை செய்ய நல்ல இடம் எது என்று யார் கேட்டாலும் நான் உடனே சொல்வது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தைத்தான். அங்கே சொந்த நூல் வாசிப்புப் பிரிவு என்று ஒரு கூடம் இருக்கிறது. நம்முடைய புத்தகம், நோட்டு, மடிக்கணினி எதை வேண்டுமானாலும் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்காரலாம். இந்த நூலகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்பது தளக் கட்டடத்தையும் குழந்தைகள் பிரிவையும்தான் அதிகம் சொல்கிறார்கள். அவை பாராட்ட வேண்டியவைதான். ஆனால் பாதி நாவலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போக முடியாமல் நிற்கிறவருக்கு இந்த இடம் எப்படி உதவும் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மந்தைவெளியில் இருக்கிறேன். பறக்கும் ரயிலில் இரண்டாவது நிலையம் கோட்டூர்புரம். அங்கே இறங்கி நடந்துவிடுவேன். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. பையை முன்னால் கொடுத்துவிட்டு, தேவையானதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏசி குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு பருத்தித் துண்டு வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு மேல் நடைமுறைத் தகவல் எதுவும் தேவைப்படாது.

சொந்த நூல் பிரிவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். குரூப் டூ, குரூப் ஃபோர், வங்கித் தேர்வு, சிவில் சர்வீஸ். சிலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து திருவான்மியூர், வேளச்சேரிப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். திறக்கிற நேரத்துக்கு வந்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். வீட்டில் எழுத முடியாத எனக்கு, இவர்களுக்கு நடுவில் எழுத முடிகிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை மூன்றாவது முறையாக எழுதிப் பார்க்கும்போது, நான் போனை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

ஒருமுறை அந்தப் பெண்ணே கேட்டாள்.

“அக்கா, நீங்க எந்த எக்ஸாமுக்குப் படிக்கிறீங்க?”

“எக்ஸாம் இல்லம்மா. நாவல் எழுதுறேன்.”

“எப்ப முடியும்?”

“தெரியல.”

“முடிஞ்சா வேலை மாதிரி ஏதாவது வருமா?”

கேலியாகக் கேட்கவில்லை. தன் அண்ணன்மார் தன்னிடம் கேட்பதை என்னிடம் கேட்டாள், அவ்வளவுதான். வருமா வராதா என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். ஏனென்றால் அதைச் சொல்லாமல் ஓர் எழுத்தாளருக்கு இலவச நாற்காலியின் மதிப்பு என்ன என்று சொல்ல முடியாது.

தமிழில் புனைவு எழுதுகிறவருக்கு வழக்கமாகப் பேசப்படும் ராயல்டி புத்தக விலையில் பத்து சதவீதம். என் சிறுகதைத் தொகுப்பின் விலை 250 ரூபாய். ஒரு பிரதி விற்றால் எனக்கு 25. ஓர் ஆண்டில் 300 பிரதி போனால் 7,500 ரூபாய். 300 பிரதி என்பது சிறுகதைத் தொகுப்புக்கு மோசமான எண்ணிக்கை இல்லை. எத்தனை பிரதி போனது என்ற கணக்குத் தாளே பதிப்பகத்தில் கேட்டுக் கேட்டுத்தான் வரும். பகலில் நான் கல்வி நூல் வெளியிடும் ஒரு நிறுவனத்துக்கு மெய்ப்பு பார்க்கிறேன். பாரத்துக்கு, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களுக்கு, இவ்வளவு என்று கூலி. எங்கள் வீட்டு வாடகையைக் கட்டுவது அந்த வேலைதான், கதைகள் இல்லை.

ஏற்றங்களும் உண்டு. தொகுப்பு வந்த வருடம் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில், பதிப்பகத்தின் கடைக்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். திருவண்ணாமலையிலிருந்து வந்த ஓர் ஆசிரியை என் கதையில் வரும் கிழவியைப் பற்றி நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நிற்பதைக்கூட அவர் பார்க்கவில்லை. அதே வருடம் ஒரு சிறு நகரத்து இலக்கிய அமைப்பு பரிசு கொடுத்தது. பொன்னாடை, கேடயம், ஐயாயிரம் ரூபாய். அம்மா அந்தக் கேடயத்தை டிவிக்கு மேலே வைத்தார்.

அப்புறம் இரண்டாம் பதிப்பு பற்றிக் கேட்கப் போனபோது பதில் இப்படி வந்தது: “சிறுகதை இப்ப போகல மேடம். நாவலா கொடுங்க. முந்நூறு பக்கத்துக்குள்ள இருந்தா நல்லது.” பதிப்பாளரைக் குறை சொல்ல முடியவில்லை. தாள் விலை ஏறியிருக்கிறது, கடைக்காரருக்குக் கழிவு கொடுக்க வேண்டும், விற்காத கட்டுகளை அடுக்கிவைக்கும் குடோனுக்கும் வாடகை கொடுக்க வேண்டும். ஆயிரம் பிரதி அடித்த காலம் போய் முந்நூறு, இருநூறு என்று அச்சடிக்கிறார்கள்; தேவைப்பட்டால் மறுபடியும் அடிக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்கு வீடு திரும்பி இரண்டு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் போய் உட்கார்ந்த இடம் இது. இதை மதிப்பிடும்போது அந்த நன்றியும் சேர்ந்தே வருகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. பணமோ பாராட்டோ வராத காலத்தில் எழுத்தாளருக்கு முதலில் போவது வேலை செய்கிற பழக்கம். இந்தக் கூடம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. சுற்றிலும் இருக்கிற பிள்ளைகளுக்கும் முடிவு தெரியாது. ஆயிரக்கணக்கான இடத்துக்கு லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள். போன முறை கட் ஆஃப் ஒரு மதிப்பெண்ணில் போனதென்று மதியம் படிக்கட்டில் பேசிக்கொள்கிறார்கள். பேசி முடித்ததும் உள்ளே வந்து அடுத்த பாடத்தைப் பிரிக்கிறார்கள். அவர்களுக்காவது முடிவு வரும் தேதி என்று ஒன்று இருக்கிறது.

இரண்டாம் தளம் தமிழ் நூல்களுக்கு. எழுதுகிறவர்கள் அங்கே போனால் தங்கள் புத்தகம் இருக்கிறதா என்று தேடாமல் இருக்க மாட்டார்கள். என் தொகுப்பு இருந்தது. ஓரங்கள் கொஞ்சம் மெத்தென்று ஆகியிருந்தன. நான்காவது கதையில், கணவன் இறந்த பிறகு சீட்டுக் கம்பெனி நடத்தும் பெண்ணைப் பற்றிய பக்கத்தில், யாரோ பென்சிலால் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள்: “எங்க பெரியம்மா”. நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாதுதான். ஆனால் அந்தக் கதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று அச்சுக்குப் போகும் முன் பதிப்பகத்தில் கேட்டிருந்தார்கள், நான் பிடிவாதமாக வைத்திருந்தேன். எனக்கு வந்த விமர்சனங்களில் இந்த இரண்டு வார்த்தையைத்தான் மேலே வைப்பேன்.

ஒரு பிரதி விற்றால் 25 ரூபாய் என்று சொன்னேன். நூலகத்தில் இருக்கும் பிரதிக்கும் அதே 25 தான், எத்தனை பேர் படித்தாலும். இது அநியாயம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 250 ரூபாய் கொடுத்து முகம் தெரியாத ஓர் எழுத்தாளரின் கதைகளை வாங்கும் நிலையில் அந்தப் பெரியம்மாவின் வீட்டார் இருந்தார்களா என்பது சந்தேகம். தவிர, தமிழ்ப் பதிப்புலகம் நெடுங்காலமாக நம்பி நிற்பதே நூலக ஆணையைத்தான், அதாவது பொது நூலகங்களுக்காக அரசு புத்தகம் வாங்கக் கொடுக்கும் ஆணையை. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவிலேயே இந்த வகையில் முன்னோடி. அதன் வழியாகத்தான் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது, சொத்து வரி ஒரு ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆணை கிடைக்கும் ஆண்டில் சின்னப் பதிப்பகங்கள் புதியவர்களின் கதைகளைத் துணிந்து போடுகின்றன. கிடைக்காத ஆண்டில் எழுத்தாளரிடமே அச்சுச் செலவைக் கேட்கிறவர்கள் பெருகுகிறார்கள். புனைவு எழுதுகிறவரின் ஏற்ற இறக்கத்தில் பாதி இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. வாசகர்கள் இதை அறிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவல் 1942 ஏப்ரலில் நடக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னை காலியான மாதம் அது. அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாறின, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்கள், மிருகக்காட்சி சாலையில் இருந்த புலி, சிங்கங்களைக்கூடச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். என் கதாநாயகி ஊரைவிட்டுப் போகாமல் வீட்டைக் காத்துக்கொண்டு இருக்கிறவள். இந்தக் காலத்தை எழுத கோட்டூர்புரம் மட்டும் போதாது. பழைய நூல்களுக்கு எழும்பூர் கன்னிமாராவுக்குப் போக வேண்டும். 1896இல் திறந்த நூலகம் அது, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் இடங்களில் ஒன்று. அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை, விளம்பரம், நாடக நோட்டீஸ் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்துவைத்த சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. இந்த இரண்டு இடத்திலும் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து, கோட்டூர்புரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றையும் ஒரே நகரத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் பாக்கியசாலிகள்.

2010 செப்டம்பர் 15 அன்று திறந்த இந்த நூலகத்தை, அடுத்த ஆண்டு நவம்பரிலேயே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதாக அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகம் நூலகமாகவே நின்றது. அப்போது என் முதல் கதை ஒரு சிற்றிதழில் வந்திருந்த நேரம். அந்தச் செய்தியைப் படித்தபோது இருந்த கலக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அதற்கு வேறு இடம் பார்க்க முடியும். இந்த அளவில் ஒரு வாசிப்புக் கூடத்தைக் கலைத்துவிட்டு மறுபடி உண்டாக்குவது எளிதில்லை. இன்று அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்தத் தடை ஆணைக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

எல்லா எழுத்தாளர்களுக்கும் இது சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு அந்த அமைதி கைகட்டிப் போட்டதுபோல இருக்கும். நடந்துகொண்டே யோசிக்கிறவர்கள் அடிக்கடி வெளியே வர வேண்டியிருக்கும். முதல் வரைவுக்கும் திருத்தத்துக்கும் மிக நல்லது; புதுக் கதைக்கு யோசனை பிடிக்க எனக்கு இன்னும் மயிலாப்பூர் மாட வீதிதான்.

வருவதாக இருந்தால் வார நாளில் வாருங்கள், அதுவும் திறக்கிற நேரத்துக்கு. தேர்வு நெருங்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தரைத்தளத்தில் இடம் பிடிப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் இரண்டாம் தளத்தில் தமிழ்ப் புனைவு அலமாரிப் பக்கம் போய், இதுவரை கேள்விப்படாத ஓர் எழுத்தாளரின் தொகுப்பை எடுத்து ஒரு கதையாவது படியுங்கள். பிடித்திருந்தால் அந்தப் புத்தகத்தின் பெயரைக் குறித்துவைத்து, ஜனவரியில் நந்தனத்தில் ஒரு பிரதி வாங்குங்கள்.