தூரிகையா, மென்பொருளா, வகுப்பா: எழுத்து வடிவம் பழக எதில் ஆரம்பிப்பது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிக்கொண்டிருந்தபோது தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, தமிழ் எழுத்துரு செய்யப் பழகணும், எதுல ஆரம்பிக்க?" மூன்று வழியிலும் நேரத்தையும் காசையும் விட்டவன் என்பதால் சொல்கிறேன்.

வகுப்பு முதலில். கோலாலம்பூரில் ஒரு வார இறுதி வகுப்புக்குப் போனேன். இரண்டு நாளும் ஆங்கில எழுத்துதான், தமிழ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உருப்படியாகக் கிடைத்தது ஒன்று: வட்டமான எழுத்தை அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இறக்கி வரைந்தால்தான் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். ட-வின் தட்டையான அடியையும் ல-வின் வளைந்த அடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரியும். ஆனால் 'நெடுங்கோடு தடிமன், குறுக்குக்கோடு மெலிசு' என்ற பாடத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். அது பட்டைப் பேனாவில் பிறந்த வழக்கம், நம் எழுத்தோ ஓலையில் எழுத்தாணி கீறிய ஒரே தடிமன் கோட்டில் வளர்ந்தது.

அடுத்து மென்பொருள். கிளிஃப்ஸ் வசதியானது, ஆனால் காசு கட்ட வேண்டும், மேக்கில் மட்டும்தான் ஓடும். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், முகம்தான் கொஞ்சம் கரடுமுரடு. நான் முதலில் வரைந்த 'க'-வில் கோட்டைப் பிடித்து வளைக்கிற புள்ளிகள் நாற்பதுக்கு மேல், வளைவெல்லாம் மேடுபள்ளம். வளைவின் உச்சிகளில் மட்டும் புள்ளி வைத்தால் போதும் என்று புரியவே ஒரு மாதம் ஆனது. 247 எழுத்து என்று பயப்படத் தேவையில்லை, மெய்யெழுத்துப் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்துண்டுகள், ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். கு, கூ வரிசை 36-ம் டி, டீ-யும்தான் தனித்தனியாக வேலை வாங்கும்.

சரி, தூரிகை. பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பெயர்ப்பலகை எழுதும் ஐயா ஒருவரிடம் சில மாதம் நின்றேன். முதல் மாதம் முழுக்க ட, ப, ம மட்டும்தான், எனாமல் பெயிண்ட், தட்டைத் தூரிகை, பழைய நாளிதழ். பிறகு 'வாடகைக்கு' எழுதச் சொன்னார். எல்லா எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டேன், 'வாட' தனியாகவும் 'கைக்கு' தனியாகவும் நின்றது. ட-வுக்கு வலப்பக்கம் திறந்த வாசல் இருக்கிறதே, அந்த வெள்ளையும் இடைவெளிதான், அதனால் அடுத்த எழுத்தை நெருக்கு என்று சொல்லி, ஐகாரக் கொம்பை ட-வின் வாலை உரசுகிற அளவுக்குக் கொண்டுவந்து எழுதிக் காட்டினார். திரையில் கெர்னிங் (இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்வது) என்ற பெயரில் எண்ணாகப் பார்த்தபோது ஏறாதது அன்றைக்குத்தான் ஏறியது.

தூரிகையிலும் குறை உண்டு. இரண்டு ட ஒரே மாதிரி வராது, பலகைக்கு அது அழகு, எழுத்துருவுக்கு ஆகாது. அப்புறம், ஐயா இன்னும் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வைத்த பழைய 'லை'-தான் எழுதுவார், அந்தப் பழக்கத்தைக் கையிலிருந்து கழற்றத் தனி மெனக்கெடல்.

என் ஓட்டு தூரிகைக்கு, இரண்டு மாதம் போதும், பிறகு ஃபான்ட்ஃபோர்ஜ். வகுப்புக்குக் கட்டுகிற காசில் தூரிகை வாங்கலாம். நடுவில் ஐபோனில் இருக்கும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாருங்கள், நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்தது. அதில் 'வாடகைக்கு' என்று அடித்து, உங்கள் நாளிதழ்த் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.