இரட்டைக் குழியா, செப்டிக் டேங்கா? பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு

சமையல்மேடைக்கு எந்தக் கல் போடலாம் என்று ஒரு வாரம் பேசுகிற நாம், கக்கூஸ் விஷயத்தில் மட்டும் கொத்தனார் சொன்னதற்குத் தலையாட்டிவிடுகிறோம். அவர் சொல்வது செப்டிக் டேங்க். ஆனால் கட்டுவது அதுவா என்று எட்டிப் பாருங்கள். நாலு பக்கமும் அடியும் பூசி, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, வெளியே வருகிற தண்ணீருக்குத் தனியாக உறிஞ்சுகுழி எடுத்தால்தான் அது செப்டிக் டேங்க். நம் ஊரில் பாதி வீடுகளில் ஆழமாக ஒரு குழி, அதில் ஆறு ரிங், மேலே ஸ்லாப், அவ்வளவுதான். அழுக்குத் தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றைத் தேடிப் போகிறது.

சரி, ஒழுங்காகவே கட்டினாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வந்து சகதியை உறிஞ்ச வேண்டும். தென்னந்தோப்புக்குள் இருக்கிற வீட்டுக்கு எந்த லாரி வரும்? அப்போதுதான் "ஆளை இறக்கிக்கலாமுங்க" என்ற பேச்சு வரும். உள்ளே இருக்கிற வாயு ஆளைக் கொல்லும், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி ஆளை இறக்குவது குற்றமும்கூட.

இரட்டைக் குழி இதைவிட மலிவு, எளிது. ஐந்து பேர் வீட்டுக்கு மூன்றரை அடி அகலம், நாலடி ஆழத்தில் இரண்டு குழி, இடையில் குறைந்தது ஒரு மீட்டர். ஒன்று நிரம்ப ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். பிறகு மற்றதற்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் போதும், உள்ளே இருப்பது மட்கி மண்ணாகிவிடும். மலிவுக் கழிப்பறைகள் கட்டித்தருகிற சுலப் அமைப்பின் பிந்தேஷ்வர் பாட்டக் 1970களிலிருந்து ஊர் ஊராகப் பரப்பியது இதைத்தான். கக்கூஸ் கோப்பை நல்ல சரிவாக இருந்தால் ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். மார்ச் மாதம் போர்வெல் காற்றை மட்டும் கக்குகிற நம் ஊரில் அது சின்ன விஷயமில்லை.

கெடுவதெல்லாம் கட்டுகிற இடத்தில்தான். என் மாமா வீட்டில் கொத்தனார், "ரெண்டுக்கும் ஒண்ணாவே போகட்டுமுங்க, சீக்கிரம் ரொம்பாது" என்று இரண்டு வழியையும் திறந்தே விட்டுவிட்டார். இரண்டும் சேர்ந்தே நிரம்பின. மலம் மட்கவே நேரமில்லை. சிலர் முதல் குழி வழிந்து இரண்டாவதில் விழுகிற மாதிரி குழாய் போடுவார்கள், அதுவும் வீண். கக்கூஸிலிருந்து வருகிற குழாய் இரண்டு குழிக்கும் கவட்டை மாதிரி பிரிகிற சின்னத் தொட்டிதான் இதன் உயிர்: ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்தே இருக்க வேண்டும். அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள், மூடி கையில் தூக்குகிற மாதிரி இருக்கட்டும். ரிங் வாங்கும்போது ஓட்டை போட்டதாகக் கேளுங்கள், தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டுமே. அடியில் கான்கிரீட் வேண்டாம், குளிக்கிற தண்ணீரை இதில் விடவும் வேண்டாம். கேரளக் கட்டட விதி கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் கேட்கிறது, இடமிருந்தால் பத்தாகவே விடுங்கள்.

பிறகு அதே வீட்டில் சரிசெய்து, ஒரு குழியை இரண்டு வருடம் மூடி வைத்துத் திறந்தபோது நானும் நின்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனேன். உள்ளே கயிறு மில்லில் குவித்து வைத்திருப்பார்களே தேங்காய்நார்த் தூள், அந்த மாதிரி உதிரியாக, வாடையே இல்லாத மண். அத்தை அதை நேராகத் தென்னைக்கு வட்டப்பாத்தியில் கொட்டச் சொல்லிவிட்டார்.

செம்மண்ணுக்கு இது பொருந்தும். எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் கரிசல் வருகிற இடத்தில் யோசிக்க வேண்டும். மழையில் மண் ஊதிக்கொண்டு தண்ணீரை வாங்காது. ரிங்கைச் சுற்றி ஓரடிக்கு மணலும் உடைகல்லும் நிரப்பிப் பார்க்கலாம்.

நாலடி தோண்டுமுன்பே பாறை தட்டினால்? மலம் சேர்கிற அறையைத் தரைக்கு மேலேயே கட்டுகிற ஈகோசான் கழிப்பறை இருக்கிறது. மூத்திரமும் கழுவுகிற தண்ணீரும் தனித்தனியாகப் போகும், மலத்தின்மேல் ஒரு கை சாம்பல் போட வேண்டும். காவிரிக் கரை முசிறியில் பொதுக் கழிப்பறையாகவே நடத்தியிருக்கிறார்கள். வீட்டு ஆட்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். தேருக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் சிக்கல்.

மாமா வீட்டில் இப்போது குழி மாற்றிய தேதியைக் கக்கூஸ் சுவரில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், கேஸ் சிலிண்டர் மாற்றியதைக் காலண்டரில் குறிப்பது மாதிரி.