சான்றிதழ் நூலா, ஆட்டுக்காரர் நூலா?

கையால் சாயம் போட்டு விற்கிற சிறு தொழிலுக்குக் கம்பளி நூல் எடுக்கப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் இருக்கின்றன. சான்றிதழ் பெற்ற வெள்ளைச் சிட்டங்களை (சுற்றிக் கட்டிய நூல் கட்டுகளை) மொத்த வியாபாரியிடம் வாங்கலாம். சான்றிதழ் இல்லாமல், இன்ன நாட்டுக் கம்பளி என்பதை நம்பி வாங்கலாம். அல்லது ஆடு வளர்ப்பவரிடமே மயிரை வாங்கி, சிறு ஆலை ஒன்றில் நூற்றுக்கொள்ளலாம்.

நாட்டை நம்பி வாங்குவதற்குக் காரணம் மியூல்சிங். மென்மையான கம்பளி தரும் மெரினோ ஆட்டின் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். பின்புறத்தில் கழிவு ஒட்டி ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். அதைத் தடுக்கக் குட்டியிலேயே வாலைச் சுற்றிய தோலை வெட்டி எடுக்கிறார்கள்; இதுதான் மியூல்சிங். நியூசிலாந்து இதை 2018-இல் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் நடக்கிறது. அதற்காக ஆஸ்திரேலியக் கம்பளியை மொத்தமாக ஒதுக்குவதும் நியாயமில்லை. அங்கே பண்ணைக்காரர் தரும் தேசியக் கம்பளி அறிவிப்பில் ‘என்.எம்.’ என்றிருந்தால் மியூல்சிங் செய்யாத மந்தை, ‘என்.டி.’ என்றால் எதையும் அறிவிக்கவில்லை என்று பொருள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நூலோடு வரும் சீட்டில் இருக்கும் நாடு பல நேரம் நூல் நூற்கப்பட்ட நாடுதான். ‘இத்தாலிய மெரினோ’ என்று படித்ததும் இத்தாலிய மலைச்சரிவில் மேயும் ஆடு மனதில் வந்தால், அந்தக் கற்பனைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

சான்றிதழ் இந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது. 2016-இல் வந்த ஆர்.டபிள்யூ.எஸ். (பொறுப்பான கம்பளித் தரம்) என்ற சான்றிதழ்த் தரம் மியூல்சிங்கைத் தடுக்கிறது, மேய்ச்சல் நிலத்தையும் பார்க்கிறது, பண்ணையிலிருந்து கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் தொடர்கிறது. ஆனால் சாயம் போடுவதும் ஒரு கட்டம்தான். உங்களிடம் அந்தச் சான்றிதழ் இல்லை என்றால் சங்கிலி உங்கள் வாசலில் அறுந்துபோகும். நூலை வாங்கலாம், உங்கள் சிட்டத்தில் முத்திரையைப் போட முடியாது. இதைத் தெரியாமல் சீட்டு அச்சடித்துவிட்டுக் கையைப் பிசைவதைவிட முதலிலேயே கேட்டுக்கொள்வது மேல்.

சரி, முத்திரை இருந்தால் போதுமா? நம் தொழிலில் அதிகம் பேசாத விஷயம் சூப்பர்வாஷ், அதாவது இயந்திரத்தில் துவைத்தாலும் தாங்கும்படி கம்பளியைப் பதப்படுத்துவது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீரில் கசங்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டி நூல் இறுகிவிடும். வழக்கமான சூப்பர்வாஷ் முறையில் குளோரினால் செதிலை அரித்து, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுக்கிறார்கள். சாயம் விறுவிறுவென ஏறும், நிறம் பளீரென்று வரும். ஆனால் கழிவுநீரில் குளோரின் சேர்மங்கள் போகும். ஆட்டை நன்றாக நடத்தினார்களா என்று ஆர்.டபிள்யூ.எஸ். சொல்லும், இந்தக் கழுவலைப் பற்றி வாய் திறக்காது. இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான கோட்ஸ் தரம் குளோரின் முறையை ஏற்பதில்லை. அதனால் ‘சான்றிதழ் உண்டு’ என்று யாராவது சொன்னால், எந்தச் சான்றிதழ் என்று கேளுங்கள்.

ஆட்டுக்காரரிடம் நேரடியாக வாங்குவதில் கண்ணால் பார்க்கலாம், மயிர் கத்தரிக்கும் நாளில் போய் நிற்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான், வேலை வாங்கும் வழியும் இதுதான். கொழுப்பும் மண்ணும் போகக் கழுவினால் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைகூடக் காணாமல் போகும். விலை பேசும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். இந்த வருட நூலும் அடுத்த வருட நூலும் ஒரே மாதிரி சாயம் வாங்காது. நிறமும் சற்று அடங்கித்தான் வரும். நான் முதல் தடவை அவசரப்பட்டு, சூடான சிட்டங்களை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கினேன். வெளியே வந்தது நூல் இல்லை, கயிறு. அப்புறம்தான் தொட்டியிலேயே ஆறவிடக் கற்றேன்.

காலுறை நூலுக்குச் சான்றிதழ் பெற்ற சூப்பர்வாஷையே எடுப்பேன்; வாங்குகிறவர் அதை இயந்திரத்தில்தான் போடப்போகிறார். சால்வை, தொப்பி நூலுக்கு ஆட்டுக்காரர்தான். நாட்டுப் பெயரை மட்டும் நம்பி வாங்குவதென்றால், பண்ணை அறிவிப்பை எழுத்தில் கேட்பேன், கிடைக்காவிட்டால் வாங்க மாட்டேன். சீட்டில் ‘அறம் சார்ந்த கம்பளி’ என்று போடுவதில்லை. ‘மியூல்சிங் செய்யாத மெரினோ, குளோரின் சூப்பர்வாஷ்’ என்றே எழுதுகிறேன். அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் பார்த்துவிட்டுச் சிலர் வாங்காமல் போவதும் உண்டு.