ஏப்ரல் 14 ராத்திரி மூன்று மாநிலங்களுக்கு எக்ஸ்டென்ஷன் போட்டேன்: யாருக்கு எத்தனை ஸ்டார்

சித்திரை ஒன்றும் அமெரிக்க வரிக் கெடுவும் அடுத்தடுத்த நாளில் வந்து விழுவதில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. 2025-இல் திங்கட்கிழமை வருடப் பிறப்பு, செவ்வாய்க்கிழமை கெடு. மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் கரைந்துகொண்டிருந்தபோது எங்கள் வரிக்கணக்கைப் பார்ப்பவருக்கு ஃபோன் போட்டேன், வரிப் படிவம் தாக்கல் செய்யக் கூடுதல் நேரம் கேட்கும் எக்ஸ்டென்ஷனைப் பற்றி விசாரிக்க.

"எக்ஸ்டென்ஷன் போட்டாச்சா சார்?"

"4868 போன வாரமே போட்டாச்சும்மா. அக்டோபர் 15 வரைக்கும் கவலையே இல்ல."

"ஸ்டேட்டுக்கு?"

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக்."

4868 என்பது ஃபெடரல், அதாவது மத்திய அரசு வரிக்கான எக்ஸ்டென்ஷன் படிவம், மாநில வரி தனி. அந்த ஆட்டோமேட்டிக்கை நம்பித் தூங்கியிருந்தால் நான் இப்போது வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். எங்கள் நிலைமை கொஞ்சம் சிக்கல். நான் நியூ ஜெர்சி எடிசனில் குடியிருந்துகொண்டு மன்ஹாட்டனில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் 2024 ஆகஸ்ட் வரை சான் ஹோசேயில் இருந்துவிட்டு அப்புறம்தான் இங்கே வந்தார். ஆக ஒரே வருடத்துக்கு நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா என்று மூன்று வாசல். இதில் எக்ஸ்டென்ஷன் எதற்கு என்றால் சென்னை வங்கியில் கிடக்கும் என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கு) டெபாசிட்டுக்காக. அங்கே நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, இங்கே ஜனவரி முதல் டிசம்பர். இரண்டு நிதியாண்டுச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு வெட்டி ஒட்ட வேண்டும். இரண்டாவது நிதியாண்டின் கடைசி மூன்று மாதம், ஜனவரி முதல் மார்ச் வரை, வட்டியில் பிடித்த வரிக்கு (டிடிஎஸ்) வங்கி 16ஏ சான்றிதழ் கொடுக்கக் கெடுவே ஜூன் 15. நான் எதையும் ஊகித்துப் போடுகிற ஆள் இல்லை, அதனால் ஒவ்வொரு வருடமும் எக்ஸ்டென்ஷன்தான்.

ஃபெடரல் பக்கம் எனக்குப் புகாரே இல்லை. ஐஆர்எஸ், அதாவது மத்திய வரித்துறை, தளத்தில் பணம் கட்டும்போது காரணம் 'எக்ஸ்டென்ஷன்' என்று தேர்ந்தெடுத்தாலே போதும், 4868 தனியாகப் போடவே வேண்டாம். ஆனால் அங்கேயும் சரி, எந்த மாநிலத்திலும் சரி, தள்ளிப்போவது காகிதம் மட்டும்தான். பணம் கெடு நாளுக்குள் கட்டியாக வேண்டும். அதுகூடப் பலருக்குத் தெரியும். ஏப்ரலில் எவ்வளவு கட்டினால் மாநிலம் உங்களை விட்டுவைக்கும் என்பதில்தான் குழப்பமே.

கலிஃபோர்னியா, நாலரை ஸ்டார். அந்த மாநில வரித்துறையான ஃப்ரான்சைஸ் டாக்ஸ் போர்டுக்கு எந்த விண்ணப்பமும் வேண்டாம், ஃபெடரல் எக்ஸ்டென்ஷன் போட்டீர்களா என்றுகூடக் கேட்பதில்லை. ஆறு மாதம் தானாகவே கிடைக்கும். உண்மையான ஆட்டோமேட்டிக் என்றால் இதுதான். கட்ட வேண்டிய பாக்கி இருந்தால் மட்டும் வெப் பே தளத்தில் எக்ஸ்டென்ஷன் பேமென்ட் என்று போட்டுக் கட்டிவிடலாம், தபாலில் செக் அனுப்புகிறவர்களுக்கு 3519 என்று ஒரு சீட்டு இருக்கிறது. அரை ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றால், அக்டோபர் 15-ஐத் தவறவிட்டால் அந்த ஆறு மாதம் கொடுக்கவே இல்லை என்று ஆகிவிடும், தாமத அபராதத்தை ஏப்ரலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கொடுத்த சீரைத் திருப்பி வாங்குகிற சம்பந்தி மாதிரி.

நியூயார்க், மூன்று ஸ்டார். எங்கள் கணக்கர் கோட்டைவிட்டது இங்கேதான். ஃபெடரல் 4868-ஐ நியூயார்க் ஏற்றுக்கொள்வதே இல்லை, தனியாக ஐடி-370 போட வேண்டும், அதுவும் ஏப்ரல் 15-க்குள். மறுநாள் போட்டால் செல்லாது. வெளி மாநிலத்தில் குடியிருப்பவருக்கும் இதே படிவம்தான். நல்ல விஷயம் என்னவென்றால் ஆன்லைனில் இலவசமாகப் போடலாம், கேள்விகளும் நேரடியானவை: மொத்த வரி உத்தேசமாக எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு. கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றான டபிள்யூ-2-வை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள், பத்தேகாலுக்கு உறுதி எண் வந்தது. கணக்கர் சொன்னதை நம்பியிருந்தால் இந்த எண் என்னிடம் இருந்திருக்காது. ஃபெடரல் எக்ஸ்டென்ஷனையே எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நியூ ஜெர்சி, இரண்டரை ஸ்டார். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களைப் போல ஆற்றைக் கடந்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் ஏகப்பட்ட பேர். ஃபெடரல் எக்ஸ்டென்ஷனை இவர்கள் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: வருடத்தின் நியூ ஜெர்சி வரியில் 80 சதவீதமாவது ஏப்ரல் கெடுவுக்குள் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பிற்பாடு ரத்தாகும், பாக்கி மேல் மாதம் 5 சதவீதம் தாமத அபராதம், 25 சதவீதம் வரை ஏறும். சம்பளத்தில் பிடிக்கிறார்களே, 80 தாண்டியிருக்காதா என்று கேட்பீர்கள். என் கம்பெனி பிடிப்பது நியூயார்க்குக்கு. நியூ ஜெர்சிக்கு ஒரு டாலர்கூடப் போவதில்லை, நியூயார்க்கில் கட்டியதற்கு இங்கே கழிவு கிடைப்பதால் சம்பளத்தைப் பொறுத்தவரை அது போதும். ஆனால் சென்னை டெபாசிட் வட்டி நியூயார்க் வருமானம் இல்லை, அது முழுக்க நியூ ஜெர்சி தலையில்தான் விழும். இந்தியாவில் பிடித்த வரிக்கு இங்கே கழிவும் கிடையாது, அது ஃபெடரலில் மட்டும்தான். கழிவெல்லாம் போக எனக்கு உத்தேசமாக 640 டாலர் வந்தது. சின்னத் தொகைதான், ஆனால் கட்டியது பூஜ்யம், 640-இல் பூஜ்யம் எத்தனை சதவீதம் என்று சொல்லத் தேவையில்லை. 512 கட்டினால் போதும், ஊகம் பிசகினால் என்னாவது என்று 700 கட்டினேன். ஃபெடரல் எக்ஸ்டென்ஷன் போடாதவர்கள் என்ஜே-630 என்ற மாநில எக்ஸ்டென்ஷன் படிவம் போட வேண்டும். போட்டவர்கள் ஃபெடரல் உறுதி எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், அக்டோபரில் நியூ ஜெர்சி வரிப் படிவமான என்ஜே-1040-இல் கேட்பார்கள்.

மற்ற மாநிலங்களுக்கு நான் ஸ்டார் போட முடியாது, போய் அனுபவிக்கவில்லை. வர்ஜீனியாவில் இருக்கும் சித்தி பெண் கெடுவே மே 1 என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அங்கே நவம்பர் 1 வரை விண்ணப்பம் இல்லாமலே நேரம் உண்டு, 90 சதவீதம் கட்டியிருந்தால் சரி. மாசசூசெட்ஸும் நியூ ஜெர்சி போல 80 சதவீதக் கட்சிதான். டல்லாஸ் தோழிக்கு மாநில வருமான வரியே கிடையாது, அவளிடம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் மூன்றையும் தாக்கல் செய்தோம். நியூ ஜெர்சி வரி கடைசியில் 671 வந்தது. எங்கள் கணக்கரின் பில்லும் வந்தது, அதில் இப்படி ஒரு வாசகம்: மாநில எக்ஸ்டென்ஷன், மூன்று, 90 டாலர். ஃபோன் போட்டு, "எந்த மூன்று சார்?" என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. "அது சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா போட்டிருக்கும்மா, எடுத்துடறேன்" என்றார். எடுத்தும்விட்டார், அதற்கு ஒரு ஸ்டார்.