பின் கண்ணாடியில் பிளேடு வைக்க விடாதீர்கள்: பெங்களூரில் எனக்கு நடந்தது

காரில் ஒட்டிய கூலிங் பேப்பரை எடுக்க வீட்டுக்கே ஆள் வரவழைக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் போன் போடுங்கள். எனக்குப் போனது 2,000 ரூபாய் மட்டுமில்லை. பின் கண்ணாடியே வீணாகிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு பழைய கார் வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் நான்கு கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார். முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீத வெளிச்சமாவது கண்ணாடி வழியாக வர வேண்டும் என்பது விதி. அதன் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. என் காரிலோ உள்ளே ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. சில்க் போர்டு சிக்னலில் நிறுத்தி அபராதம் போட்டார்கள். நியாயம்தான், கட்டிவிட்டேன்.

அந்த வாரமே வீட்டுக்கு வந்து வேலை செய்யும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். ஐந்து கண்ணாடிக்கும் சேர்த்து 1,200 ரூபாய் என்று போனில் சொன்னார்கள். சனிக்கிழமை காலை கே.ஆர்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பையன் வந்தான். நான் அம்மாவிடம் பேசியதைக் கேட்டதும், “அண்ணா, தமிழா நீங்க? நமக்கு தருமபுரி” என்றான். வெளியூரில் நம் மொழி காதில் விழுந்தால் மனசு இளகிவிடுகிறது. டீ போட்டுக் கொடுத்தோம். வேலை தொடங்கும் முன் தன் போனை நீட்டி, “சும்மா ஃபார்மாலிட்டிண்ணா” என்று விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டான். வண்டியில் ஏற்கெனவே இருந்த கோளாறுகளுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று அதில் இருந்ததைப் பிறகுதான் படித்தேன். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டான். பின் கண்ணாடியில் கம் நிறைய இருந்தது, பிளேடு போட்டுச் சுரண்ட வேண்டியதாயிற்று, அதற்குத் தனியாக 800 என்றான். கண்ணாடி பளபளவென்று இருந்தது. கொடுத்துவிட்டேன்.

ஜூன் மாதம், விடியற்காலை ஐந்து மணி. அம்மாவைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போகிறேன். அத்திப்பள்ளி தாண்டும்போது நல்ல மழை. பின் கண்ணாடி முழுக்கப் பனி மூட்டம் போலப் படிந்துவிட்டது. கண்ணாடியைச் சூடாக்கி மூட்டத்தை விலக்கும் டிஃபாகர் பட்டனை அழுத்தினேன். மேலே மூன்று பட்டை மட்டும் தெளிந்தது. அதற்குக் கீழே ஒரே வெள்ளை. பின்னால் வந்த லாரியின் வெளிச்சம் மங்கலாக, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்கவே முடியாதபடி தெரிந்தது. அம்மா பக்கத்தில் இருக்க, அன்று எனக்கு இருந்த பயத்தை இங்கே எழுதிக் காட்ட முடியாது. ஓரங்கட்டி நிறுத்தி, துண்டால் துடைத்துவிட்டுத்தான் மேலே போனேன்.

ஊர் திரும்பியதும் அல்சூரில் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். பின் கண்ணாடியில் குறுக்காக ஓடும் மெல்லிய பழுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் உள்பக்கத்தில் பதித்த, மின்சாரம் ஓடிச் சூடாகும் கோடுகள் அவை. அவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாடியில் வைத்து, இன்னொரு முனையைக் கோட்டின் மேல் மெதுவாக நகர்த்தினார். “பாருங்க தம்பி, நல்ல கோடுன்னா இந்த முனையில 12 வோல்ட் இருக்கும், போகப் போகக் குறையும், நடுவுல 6 காட்டும்.” மேல் கோடு அப்படியே காட்டியது. நான்காவது கோட்டில் 12, 12, 12, சட்டென்று பூஜ்யம். அந்த இடத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். தலைமுடி அளவுக்கு ஒரு வெட்டு. அதற்கு நேர் கீழே அடுத்த கோட்டிலும் வெட்டு, அதற்கடுத்ததிலும். பிளேடை மேலிருந்து கீழாக இழுத்திருக்கிறான். பதினான்கு கோட்டில் பதினொன்று போய்விட்டது. ஒன்றிரண்டு வெட்டு என்றால் வெள்ளி கலந்த பெயிண்ட் தொட்டு ஒட்டிவிடலாம், இத்தனை இடத்தில் வெட்டியிருக்கும்போது கண்ணாடி மாற்றுவதுதான் வழி என்றார். விசாரித்ததில் 9,400 ரூபாய்.

நிறுவனத்துக்குப் போன் செய்தால், “முன்னாடியே வெட்டியிருக்கும் சார், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்று ஒரே பதில். டிஃபாகர் முன்பு வேலை செய்தது என்பதற்கு என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்த 800 ரூபாயை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். கண்ணாடியைப் பற்றிப் பேச்சே இல்லை.

என் மச்சான் காரிலும் இதே கறுப்பு ஃபிலிம். போன ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி நாங்களே வீட்டில் எடுத்தோம். முதலில் டிஃபாகரைப் போட்டு, எல்லாக் கோடும் வேலை செய்வதை வீடியோ எடுத்துக்கொண்டோம். கறுப்புக் குப்பைப் பையைக் கண்ணாடி அளவுக்கு வெட்டினோம். ஃபிலிம் மேல் சோப்புத் தண்ணீர் அடித்து, பையை அதன் மேல் ஒட்டி, நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் விட்டோம். சிலர் அம்மோனியா அடிக்கச் சொல்வார்கள். மூடிய காருக்குள் அந்த நெடி மூச்சை அடைக்கும். அதோடு பிளீச்சிங் கலந்துவிட்டால் விஷ வாயு வரும். எங்களுக்குச் சோப்புத் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

பிறகு துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமரை மூலையில் காட்டி, நகத்தால் நுனியைக் கிளப்பி, கோடு ஓடும் திசையிலேயே மெதுவாக இழுத்தோம். அவசரப்பட்டால் ஃபிலிம் கிழிந்து கம் கண்ணாடியில் தங்கிவிடுகிறது. பொறுமையாக இழுத்தால் கம்மையும் சேர்த்துக்கொண்டு பாய் சுருட்டுவது போல வருகிறது. பின் கண்ணாடி ஒன்றுக்கே முக்கால் மணி நேரம் ஆனது. மிச்சமிருந்த கம்மை வெந்நீரும் சோப்பும் தொட்ட துணியால் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தோம். பிளேடைக் காருக்குள்ளேயே கொண்டுபோகவில்லை.

காய்ந்ததும் மச்சான் டிஃபாகர் பட்டனைப் போட்டான். நான் பின் சீட்டில் மண்டியிட்டு, ஒவ்வொரு கோட்டின் மேலும் விரல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு கோடு. பன்னிரண்டும் சூடாக இருந்தது.