கிறசரில் பெல்ற் வழிக்கும் பிளேட்: சில மாரிகள் பாவித்த பிறகு

ஒட்டுசுட்டான் பக்கம் புதிதாகக் கிறசர் (கல் உடைக்கிற ஆலை) போடுகிற தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார்: "அண்ணை, உந்தப் பெல்ற் வழிக்கிற பிளேட் வேண்டலாமோ? இப்ப விலை இறங்கிக் கிடக்காம்."

உடைத்த கல்லைக் கொண்டுபோகிற பெல்ற்றில் ஒட்டும் மண்ணை வழித்து விழுத்துகிற பிளேட் அது. 2022 இல் டொலர் 360 ரூபாவைத் தொட்டுக்கொண்டு நின்ற நாட்களில் அந்தப் பிளேட்டின் விலையைக் கேட்டாலே போனை வைத்துவிடத் தோன்றும். டொலர் இறங்கிய பிறகு கேட்கக்கூடிய விலைக்கு வந்திருக்கிறது. தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் போனில் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியவில்லை. அதோடு, போன மாதம்தான் தேய்ந்த பிளேட்டைக் கழற்றிப் புதியது போட்டோம்; அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்களது வவுனியா ஓமந்தைப் பக்கம். 24 அங்குலப் பெல்ற், முக்கால் அங்குலக் கல், சல்லி, கல்தூள் என்று வழமையான வேலை. பிளேட் பொலியூறித்தேன் (ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்) வகை, ஸ்பிறிங் இழுவையில் பெல்ற்றோடு அழுத்தி நிற்கும். தலை ட்ரம்மின் (பெல்ற் கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பும் உருளையின்) முகத்தில், கல் பாய்ந்து விழும் கோட்டுக்குக் கீழே பூட்டியிருக்கிறது. மற்ற அளவுகள் எல்லாம் கடைக்காரர் தரும் தாளில் இருக்கும்.

இது இல்லாத காலத்து மாரியைக் கிறசர்காரருக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பாறையில் குறையில்லை. வன்னித் தொகுதி என்று புவியியலாளர் பெயர் வைத்த பழைய உருமாறிய பாறை, உடைத்தால் சுத்தமாக உடையும். அதன் மேலே கிடக்கும் செம்மண்தான் கரைச்சல். எவ்வளவு கவனமாக மண் நீக்கினாலும் வெடிப்புகளுக்குள் இருக்கிற மண் கல்லோடு வரும். பெல்ற் ஒவ்வொரு றோலரிலும் ஏறி இறங்கும்போது குலுங்கும். அந்தக் குலுக்கத்தில் பொடியும் மண்ணும் கல்லுக்கிடையால் இறங்கி ரப்பரில் படியும். தலை ட்ரம்மில் கல் விழுந்துவிடும், படிந்தது விழாது. ரப்பரோடு ஒட்டிக்கொண்டு கீழ்ப்பக்கமாகத் திரும்பி வரும். வருகிற வழியில் ஒவ்வொரு கீழ் றோலரிலும் கொஞ்சம் அப்பிக்கொள்ளும், மிச்சம் நிலத்தில் கொட்டும்.

கடும் மழையில்தான் மோசமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மார்கழியில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது மண் கரைந்து ஓடிவிடும். ஆவணியில் சோளகம் அடிக்கும்போது காய்ந்த தூசு, ஒட்டாது, பறக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஈரம்தான் பசை. ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த நாட்கள் அப்படிப்பட்டவை. கோடையிலும் தூசு அடங்கத் தண்ணீர் விசிறினால், அளவு தப்பிய இடத்தில் ஐப்பசி வந்துவிடும்.

றோலரில் அப்பிய மண் இறுகினால் றோலர் ஒரு பக்கம் பெருத்துவிடும். பெல்ற் இழுபட்டு ஓரம் சட்டத்தில் உரசும், நூல் கிளம்பும். மற்ற முனையில் இருக்கிற வால் ட்ரம்முக்கும் பெல்ற்றுக்கும் நடுவில் ஒரு கல் போனால் பெல்ற்றில் துளைதான். ஆனால் இவையெல்லாம் காசு நட்டம். நான் சொல்ல வருவது வேறு. பெல்ற் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொடியள் அலவாங்கைக் கொண்டுபோய் றோலரில் பிடித்து மண் வழிப்பார்கள். எங்கள் பகுதியில் பல இடங்களில் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. வினாடிக்கு ஒன்றரை மீற்றர் ஓடும் பெல்ற் அது. அது கையை உள்ளே இழுக்க அரை வினாடி கூடத் தேவையில்லை. சேட்டின் கை நுனி பட்டாலே போதும். மெயின் சுவிச்சை நிறுத்தி, பூட்டுப் போட்டு, திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் பெல்ற்றுக்குக் கீழே போகலாம். மண் அடிக்கடி சேர்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்த எந்த முதலாளிக்கும் மனம் வராது. அங்கேதான் கை போகிறது.

பிளேட் பூட்டிய பிறகு கீழ் றோலர்கள் இரும்பு நிறத்தில் தெரிந்தன. பெல்ற்றின் கீழே மண்வெட்டியோடு ஒருவரை நிறுத்தி வைத்திருந்த வேலை இல்லாமல் போனது. அவர் இப்போது சல்லடைப் பக்கம் நிற்கிறார். அலவாங்கு கொண்டுபோகிற தேவையே வரவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தப் பிளேட்டுக்கு நான் கொடுத்த காசு சரி.

பழைய பெல்ற் துண்டை வெட்டி வழிக்கக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய ரப்பருக்குள் கல்துகள் புதைந்து கிடக்கும், உள்ளே நூல்துணியும் இருக்கிறது. அது புதுப் பெல்ற்றை அரைத்துத் தின்றுவிடும். பொலியூறித்தேன் தானே தேய்ந்து பெல்ற்றைக் காப்பாற்றுகிறது. டங்ஸ்டன் காபைட் முனை வைத்தது இன்னும் சுத்தமாக வழிக்கும், அதை ட்ரம்முக்குப் பின்னால் இரண்டாவதாகப் போடலாம். ஆனால் கிளிப் அடித்த மூட்டு இருக்கிற பெல்ற்றில் அதைப் போட வேண்டாம், கிளிப்பில் மோதி முனை பெயர்ந்துவிடும். எங்களது சூட்டில் ஒட்டிய மூட்டு என்பதால் இந்தத் தலையிடி இல்லை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

இந்தப் பிளேட் நடுவில் மட்டும் தேய்கிறது. 24 அங்குலப் பெல்ற்றில் கல் 24 அங்குலமும் பரவி ஓடுவதில்லை, ஓடவும் கூடாது. ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் வெறுமையாக இருந்தால்தான் கல் கொட்டாது. அந்த வெறும் ஓரத்தில் வழிக்க ஒன்றுமில்லை, அதனால் பிளேட்டின் இரண்டு கரையும் தேயாமல் தடிப்பாக நிற்கும். நடு அம்மி மாதிரிக் குழிவிழும். கரைகள் இரண்டும் பெல்ற்றில் முட்டிக்கொண்டு நிற்க, நடுப்பகுதி ரப்பரைத் தொடாது. மண் அதிகமாக வருவது நடுவில். அங்கேயே வழிப்பு இல்லை. தேய்ந்த காலத்தில் பார்த்தால் பெல்ற்றின் நடுவில் நீளத்துக்கு ஒரு செம்மண் பட்டி ஓடும், இரண்டு ஓரமும் துடைத்தது போலப் பளிச்சென்று இருக்கும்.

பொடியள் என்ன செய்வார்கள்? ஸ்பிறிங்கை இறுக்குவார்கள். இறுக்கினால் கரை இன்னும் அழுத்தும், பெல்ற்றின் ஓரத்து ரப்பர் தேயும், மோட்டருக்குச் சுமை ஏறும், நடு அப்படியேதான் இருக்கும். அழுத்தம் கூடினால் நன்றாக வழிக்கும் என்பது பொய். குறைந்தாலும் கூடினாலும் கெடுதல், ஸ்பிறிங்கில் போட்டிருக்கிற அடையாளத்தில் நிற்பதுதான் சரி.

கழற்றிய பிளேட்டை மேசையில் வைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டு பக்கமும் புதிது போலப் பொலியூறித்தேன். அத்தனையும் காசு கொடுத்து வாங்கியது, அத்தனையும் குப்பைக்கு.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பிளேட்டின் அகலம் பெல்ற்றின் அகலத்துக்கு இருக்கக் கூடாது, கல் ஓடுகிற அகலத்துக்கு இருக்க வேண்டும். எங்களுக்கு 18 அங்குலம் போதும். கொழும்பில் விற்றவரிடம் கேட்டேன். "பெல்ற் சைசுக்குத்தான் வரும் அண்ணன், வேற இல்லை" என்றார். தேய்ந்த பிளேட்டின் படத்தை அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை. அடுத்த தடவை போன் எடுத்தபோது புதுப் பிளேட்டின் விலையை மட்டும் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொருள் பிழை என்றால் விட்டுவிடலாம். பொருள் நல்லது, அளவுதான் பிழை. வாங்குகிறவன் பழுதைக் கண்டு, படமும் அனுப்பிச் சொல்கிறான். கேட்பதற்குக் கூட ஆளில்லை.

இந்தமுறை புதுப் பிளேட்டை நாங்களே வெட்டினோம். இரண்டு பக்கமும் மூன்று அங்குலம், ஹக்சோவால், மெதுவாக. கிறைண்டர் பாவிக்க வேண்டாம், சூட்டில் பொலியூறித்தேன் உருகி இழுபடும். வெட்டிய முனையை அரத்தால் மழுக்கினோம், கூர்மூலை பெல்ற்றைக் கீறாமல் இருக்க. இதுவரை தேய்வு நேராகத்தான் போகிறது. பட்டி இல்லை. கார்த்திகை முடிந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

ஆகவே, தம்பி. என் கிறசரில் இருந்து அந்தப் பிளேட்டைக் கழற்ற யாரையும் விடமாட்டேன், நான் இருக்கிறவரைக்கும். ஆனால் நீர் இன்று கேட்டால், வேண்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் கடையில், அந்த அளவில் வேண்ட வேண்டாம். முதலில் வாலடியில் கீழ்ப் பெல்ற்றின் உள்பக்கத்துக்கு வீ வடிவக் கலப்பை ஒன்றை உள்ளூரிலேயே ஒட்டுவித்துப் பூட்டும், கல் ட்ரம்முக்குள் போகாது. கீழ் றோலர்களுக்குக் கம்பி வலை அடியும், கை போகாது. பிறகு ஒரு நாள் முழுச் சுமை ஓடவிட்டு, நிறுத்திப் பூட்டி, பெல்ற்றில் கல் ஓடிய தடத்தை அளவு நாடாவால் அளந்து எழுதி வையும். அந்த அங்குலத்துக்குப் பிளேட் தருகிற கடையைக் கண்டால் எனக்கும் நம்பர் அனுப்பும்.