கூடவே போவதா, கேட்டில் நிற்பதா, அண்ணனோடு அனுப்புவதா?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. சாயங்காலக் கூட்டத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் திறந்தவெளி இசை விழா, ஐந்தாறு பேண்டுகள், மாலை நான்கு மணிக்கு ஆரம்பம். கீழே ஒரே வரி: "நாங்க நாலு பேர் போறோம். நீங்க வரண்டாம்." அவள் பிளஸ் ஒன். கொஞ்ச நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனும் தன் பங்குக்கு ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பி வைத்தான்.

பாட்டுக் கேட்கத் திருவந்தரம் போவது நம்ம மாவட்டத்துக்குப் புதிதல்ல. வருஷாவருஷம் நவராத்திரிக் கச்சேரிக்கு பத்மநாபபுரம் தேவாரக்கட்டு கோயில் சரஸ்வதியே ஊர்வலமாக அங்கே போகிறாள். அவளும் தனியாகப் போவதில்லை. வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் துணைக்கு, ரெண்டு மாநிலப் போலீஸ் மரியாதைக்கு. இதை வீட்டில் சொன்னதும் மகள், "அப்போ எனக்கும் போலீஸ் வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆக, பிரச்சினை போவதில் இல்லை, யார் துணை என்பதில்தான். எங்கள் பக்கத்து வீடுகளில் மூன்று வழி நடப்பில் இருக்கிறது: அப்பாவோ அம்மாவோ கூடவே உள்ளே போவது, மூத்த அண்ணன்மாரோடு அனுப்புவது, கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்திருப்பது. 'டிவியில் போடுவான், வீட்டில் இருந்து பார்' என்று நாலாவதாகவும் ஒன்று உண்டு. பிள்ளைகள் சொல்லாமல் போகப் பழகுவது அப்படித்தான், அதனால் அதை இங்கே எடுக்கவில்லை.

முதலில் கூடவே போவது. போன வருஷம் இதைத்தான் செய்தேன். ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், டிக்கெட் என் போனில், தண்ணீர் என் பையில், காசு என் பர்ஸில். ஒரு குறையும் வரவில்லை. முடிந்து வெளியே வரும்போது, "நாம எந்த வாசல் வழியா வந்தோம் மக்ளே?" என்று சும்மா கேட்டேன். ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் உள்ளே நின்ற பிள்ளைகளுக்கு வழி தெரியவில்லை, முதலுதவிக் கூடாரம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமே இல்லை, அம்மா இருக்கிறாளே. 13, 14 வயதுக்கு இது போதும், முதல் தடவைக்கும் இதுதான் சரி. 16 வயதுக்கு இது பாதுகாப்பு மாதிரி தோன்றுமே தவிர, பழக்கம் எதையும் தராது. ரெண்டு வருஷத்தில் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ காலேஜுக்குப் போனால் நான் கூடவா நிற்கப்போகிறேன்?

அடுத்தது அண்ணன்மார். இதில் எனக்கு நம்பிக்கை குறைவு, காரணம் சொந்த அனுபவம். எங்கக்கா மகன் தங்கமான பையன். "சித்தி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லித்தான் ஒரு காலேஜ் விழாவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனான். பத்தரை மணிக்கு அவளிடமிருந்து போன்: "அண்ணனைக் காணல." அவன் கூட்டாளிகளோடு மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான், போன் அடித்தது கேட்கவில்லை. அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். 22 வயதில் பாட்டுக் கேட்கப் போனவனை வாட்ச்மேன் ஆக்கியது என் தப்பு. அவனுக்கும் அது ஒரு விழாதானே! நாலைந்து பேராகப் போகும் கூட்டத்துக்குள்ளே ஜோடி பிரித்து, 'நீ இவளை விட்டு நகரக்கூடாது, இவள் உன்னை விட்டு நகரக்கூடாது' என்று ஒரே வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது இதைவிட நன்றாக வேலை செய்கிறது. கழிப்பறைக்கும் ரெண்டு பேராகத்தான்.

மூன்றாவது, வெளியே காத்திருப்பது. கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் ஆபத்து எங்கே வருகிறது என்று பார்த்தால் கணக்கு மாறும். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி பல்கலைக்கழகத்தில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பாட்டு நிகழ்ச்சி தொடங்கும் நேரம், மழை வந்ததும் வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது, படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நாலு பேர் இறந்துபோனார்கள். மேடைக்கு முன்னால் இல்லை, வாசலில். பெரிய கூட்டங்களில் நுழையும் நேரமும் கலையும் நேரமும்தான் பொல்லாதவை. அந்த ரெண்டு நேரத்திலும் கேட்டருகே இருக்கும் அம்மா, நடுவில் மூன்று மணி நேரம் பிள்ளையின் கையைப் பிடித்து நிற்கும் அம்மாவைவிட உபயோகமானவள்.

அதனால் என் நிபந்தனைகள் எல்லாம் வாசலைச் சுற்றியே இருக்கின்றன. கேட் திறந்த முதல் அரைமணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். முடிந்ததும் பாய வேண்டாம், இருபது நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்துவிட்டு வரலாம். மழை வந்தால் ஓடாதே, நனை. இந்தக் கடைசி விதியை மகனை நாலு தடவை சொல்லவைத்தேன். டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம், திருவனந்தபுரத்துக்கும் அந்த மழை எட்டும். குடையை நிறைய இடங்களில் உள்ளே விடுவதில்லை. மடித்தால் கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் ரெயின்கோட் போதும்.

நெரிசல் என்றால் என்ன என்று வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்பீஸால் மீட்டருக்கு மீட்டர் ஒரு கட்டம் போட்டேன். மகள், மகன், அக்கா மகன், பக்கத்து வீட்டு ரெண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேரைக் கோட்டைத் தாண்டாமல் நிற்கச் சொன்னேன். ஒரே சிரிப்பு. ஆறாவதாக நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றது. மகன் கை கீழே தொங்கியபடியே மாட்டிக்கொண்டது, அவனால் மேலே தூக்க முடியவில்லை. கூட்டங்களை ஆராய்கிறவர்கள் சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினாலே அபாயம் என்கிறார்கள். அதற்குமேல் நம் கால் நம் சொல்லைக் கேட்காது, கூட்டம் போகும் பக்கம்தான் உடம்பும் போகும். நெரிசலில் சாகிறவர்கள் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டித்தான். அதனால்தான் நெருக்கம் கூடுகிறது என்று தெரிந்ததுமே ரெண்டு கையையும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். எதிர்த்துத் தள்ளக்கூடாது, தள்ளல் ஓயும்போதெல்லாம் குறுக்காக ஓரத்துக்கு நகர வேண்டும். கீழே விழுந்த போனைக் குனிந்து எடுக்கவே கூடாது. "புதுப் போனா இருந்தா?" என்றான் மகன். புதுப் போனாக இருந்தாலும்தான்.

ஒத்திகைக்கு நமக்கு வெளியூர் தேட வேண்டாம். கோயில் கொடைத் திருவிழாவிலும் சர்ச் திருவிழாவிலும் நடக்கும் கானமேளா என்ற மேடைப் பாட்டுக் கச்சேரிதான் நல்ல பள்ளிக்கூடம். எங்கள் ஊர் அம்மன் கொடையில் ரெண்டு வருஷம் முன்பு மகனிடம், "தொலைஞ்சா கரும்புச்சாறு வண்டிகிட்ட நில்லு" என்று சொல்லி வைத்தேன். கூட்டத்தில் டவர் கிடைக்கவில்லை, போன் போகவில்லை. கரும்பு தீர்ந்து வண்டிக்காரர் ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டார். நான் ஒரு பக்கம், அவன் அந்த வண்டியைத் தேடி ரோட்டில் ஒரு பக்கம், நாற்பது நிமிஷம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சந்திக்கும் இடம் என்றால் சக்கரம் இல்லாத ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்: கட்டிடம், சிலை, நம்பர் எழுதிய மின்கம்பம். போன் கால் போகாத இடத்தில் சாதா எஸ்.எம்.எஸ். சிலசமயம் போய்ச் சேரும். என் நம்பரையும் 112-ஐயும் ஒரு சீட்டில் எழுதி, ஐந்நூறு ரூபாய் நோட்டோடு போன் கவருக்குள் வைத்துவிடுவேன். டவர் இல்லாத இடத்தில் ஜிபே வெறும் படம்தான்.

சென்னையா திருவனந்தபுரமா என்ற கேள்வியும் நடுவில் வந்தது, மகளின் கூட்டாளி ஒருத்தி சென்னை நிகழ்ச்சி ஒன்றைக் காட்டினாள். எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் 40 கிலோமீட்டர் சொச்சம், நாகர்கோவிலிலிருந்து போனாலும் 70-க்குள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் எழும்பூருக்கு மறுநாள் காலைதான். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, அங்கே இறங்கியபின் மைதானம் எங்கேயோ ஈசிஆர் என்ற கடற்கரைச் சாலையில். 2023 செப்டம்பரில் பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அப்படி ஒரு நாளில் 40 கிலோமீட்டரில் இருந்தால் வீட்டுக்கு வந்து சோறு தின்னலாம்.

திரும்பி வரும் நேரத்தையும் பாருங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மாநில அரசு வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை விலக்கு தரலாம். விழாக்காலத்தில் பத்தா பன்னிரண்டா என்பதைப் போஸ்டரை நம்பி முடிவு செய்யாதீர்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல் வண்டி ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. நாலு வீடு பங்கு போட்டால் பெரிய காசு வராது.

நிற்கும் டிக்கெட்டா, நாற்காலியா? விலை குறைவு நிற்பதில்தான், ஆட இடமும் அங்கேதான். என் மகள் ஐந்தடி. முன்வரிசை நெருக்கத்தில் அவளுக்குத் தெரிவது முன்னால் நிற்பவனின் முதுகு, கிடைப்பது அவன் வியர்வைக் காற்று. நிற்கும் பகுதியின் பின்பக்க ஓரம் என்று பேசி முடித்தோம். கூட்டாளிகள் அனுப்பும் கியூஆர் ஸ்கிரீன்ஷாட்டைக் காசு கொடுத்து வாங்கவே கூடாது, முதலில் ஸ்கேன் செய்தவனுக்குத்தான் கதவு திறக்கும்.

இனி என் கடை விஷயம். காது. திருவிழா சீசனில் "பஞ்சு ஒரு பாக்கெட்" என்று கேட்டு வருவார்கள். சத்தத்துக்குப் பஞ்சு வைப்பது மழைக்குத் துண்டைத் தலையில் போடுவது போல. அமெரிக்கத் தொழில்நலக் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம். நிகழ்ச்சி இடங்களுக்கே 100 டெசிபல் சராசரியைத்தான் உச்சமாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வைத்தது. நம்மூர் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு அது தெரியாது.

நுரை இயர்ப்ளக் ஒரு ஜோடி சாயா வடைக் காசுதான். சரியாக வைத்தால் சத்தத்தை நன்றாகவே குறைக்கும். பத்தில் எட்டுப் பேர் சும்மா காதில் சொருகிவிட்டு 'ஒண்ணும் ஆகல' என்கிறார்கள். விரலால் உருட்டி மெழுகுத்திரி மாதிரி மெலிதாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலேயும் பின்னேயும் இழுத்து, உள்ளே வைத்து அரை நிமிஷம் விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும், அது உள்ளே விரிய நேரம் வேண்டுமே. மகள் ரெண்டாவது தடவையில் சரியாக வைத்தாள். நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நுரையில் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் கேட்கும், அதனால் பிள்ளைகள் பாதியில் கழற்றிப் போடுவார்கள். இசைக்கென்றே வரும் ஃபில்டர் வகை சத்தத்தை மட்டும் தாழ்த்தும், தெளிவைக் கெடுக்காது. விலை பல மடங்கு. கழற்றாமல் வைத்திருப்பாள் என்றால் அதுவே லாபம் என்று மகளுக்கு ஃபில்டர் வாங்கினேன், ஸ்பீக்கரை விட்டுத் தள்ளியே நிற்பேன் என்று சத்தியம் செய்த மகனுக்கு நுரை. மறுநாள் காதில் இரைச்சல் இருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். ரெண்டு நாளாகியும் போகவில்லை என்றால் சொட்டு மருந்து கேட்டு எங்களிடம் வராமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

முடிவு? மகளும் கூட்டாளிகளும் அவர்கள் பாட்டுக்கு உள்ளே, நான் வெளியே. மகன் இந்தத் தடவை அப்பாவோடு உள்ளே, வேறு பக்கம். மகளின் எதிர் நிபந்தனை ஒன்று உண்டு: "நீங்க கேட்டுக்கு நேரா நிக்கப்புடாது. தள்ளி எங்கயாவது சாயா குடிச்சுட்டு இருங்க." சரி என்றேன். கூகுள் மேப்பில் மைதானத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் தேடி ஒரு பெட்ரோல் பங்கைப் பிடித்தோம். மகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அங்க கரும்புச்சாறு வண்டி ஏதும் இல்லல்லா?" என்றான்.